பதினோரு இஞ்ச்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நாங்கள் நலம் என்று தொடங்கத்தான் கை வருகிறது. இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிடுகிறேன். போனில் சொல்ல முடியாது. இருப்பது ஒரே அறை, அப்பாவுக்குக் காது மட்டும் இன்னும் கூர்மையாக இருக்கிறது.

அப்பா மெலிகிறார் என்றதும் நீ அனுப்பத் தொடங்கிய புரோட்டீன் டின்னில் மூன்றாவதும் வந்து சேர்ந்தது. இனி அனுப்பாதே. முதல் டின்னை நான் ஒரு மாதம் திறக்கவே இல்லை. ஜிம்மில் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறாய் என்பதற்காக என் சமையலுக்கும் பாடம் நடத்துகிறாயே என்று எனக்கு ரோஷம். முட்டை, மீன், பருப்பு, பால் கொடுத்து நானே தேற்றிக் காட்டுகிறேன் என்று வீம்பு பிடித்தேன். அப்பாவும் என் கட்சி. பவுடரைச் சுண்ணாம்பு என்றார். சுவருக்குப் பூசினால் நன்றாக ஒட்டும் என்றார்.

ஞாயிறுதோறும் புஜத்தை அளந்து எழுதச் சொன்னாய். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற தையல்காரிக்கு இது ஒரு வேலையா? முதல் வாரம் பத்தேகால். மாதம் முடிந்தபோது ஒன்பதரை. பயந்துபோய் டின்னைத் திறந்து, நீ சொன்னபடியே இரண்டு வேளையும் கரைத்துக் கொடுத்தேன். இப்போது எட்டேமுக்கால். பீரோவைத் தனியாளாய் மூன்று மாடி ஏற்றிய கை அது. இன்றைக்கு ஒரு தம்ளரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.

நான் உனக்கு எழுதியது பதினொன்று. அது என் கையின் அளவு அண்ணா. டேப்பை என் புஜத்தில் சுற்றிப் பார்த்துத்தான் எழுதினேன். என் வீம்பால் வந்த வினை என்று நீ சொல்லிவிடுவாயோ என்று பயம். வீடியோவில் அவர் முகத்தை மட்டும் காட்டியதும் அதனால்தான். நீ சந்தோஷப்பட்டு, இனிக் கவலையில்லை, லீவை வருடக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன் என்றபோது, சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, சதை அதனால்தான் கரைகிறது, பவுடரோ சாப்பாடோ எதுவும் இனி அதை ஏற்றாது என்றார். நாம் இரண்டு பேரும் போட்ட சண்டை வீண். வருடக் கடைசி வரை தாங்குவாரா என்று கேட்டேன். ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்காமல், உங்கள் அண்ணனால் சீக்கிரம் வர முடியுமா என்று கேட்டார்.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நேற்று தானாகவே நீலச் சட்டையை எடுக்கச் சொன்னார். "அவன் வர்றதுக்குள்ள இதைக் கொஞ்சம் புடிச்சுத் தச்சுக் குடும்மா. தொளதொளன்னு இருந்தா புள்ள பயந்துடுவான்."

தைத்துவிட்டேன். இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் பிடித்திருக்கிறேன். மறுபடியும் பிரித்துப் பிடிக்கிற நிலைமையை எனக்கு வைக்காதே. என்னை அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. சட்டை அவருக்குச் சரியாக இருக்கும்போதே வந்துவிடு.

உன் தங்கை