ஜொனி ஐயாவின் என்புமச்சை

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

காலையில் நல்ல குளிர். கண்டி நகருக்குள் பஸ் நகரவே இல்லை, ஆய்வுகூடத்துக்குப் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தேன். அஸீமா டொக்டர் என்னைவிட இளையவர். பிந்தினால் ஏச மாட்டார், சுவர் மணிக்கூட்டை ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான்.

மூன்று என்புமச்சை வந்திருந்தன. இடுப்பெலும்பில் ஊசி குத்தி உறிஞ்சி எடுத்து, குழாயில் போட்டு எங்களுக்கு அனுப்புவார்கள். அந்தக் கலங்களை வளர்த்து, அவை பிரியும்போது பாதியில் நிறுத்தி, குரோமோசோம் என்கிற நிறமூர்த்தங்களைப் பார்ப்பது என் வேலை. பத்து வருடத்துக்கு மேலாக இதைத்தான் செய்கிறேன்.

மூன்றாவது குழாயில் எஸ். ஜொனி என்று இருந்தது. அறுபத்து மூன்று வயது. அம்பிட்டிய. தோட்டத்து ஃபீல்ட் ஒபிசர், ஓய்வு. கூடவே தோட்டத்தின் பெயர். ஹேவாஹெட்டவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டம்.

ஜொனி ஐயா.

வெள்ளைக் கலங்கள் மிதமிஞ்சிப் போயிருக்கின்றனவாம். மண்ணீரல் வீங்கியிருக்கிறதாம். இரத்தப் புற்றுநோய் என்று சந்தேகம். எந்த வகை என்று நாங்கள் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் வைத்தியம்.

அவருடைய கலங்களை இரண்டு வளர்ப்பாகப் பிரித்து இன்குபேட்டருக்குள் வைத்தேன்.

பெப்ரவரி 7

சுவக்கின் என் தம்பி. தோட்டத்தில் மருந்தடித்தான். களைநாசினியை எங்கள் ஆட்கள் மருந்து என்றுதான் சொல்வார்கள். முதுகில் சுமக்கும் டாங்கியின் மூடி ஒழுகும். சட்டை ஊறி முதுகோடு ஒட்டிக் கிடக்கும்.

கையுறையும் முகமூடியும் தோட்டத்தில் இல்லாமல் இல்லை. வெளிநாட்டிலிருந்து தரம் பார்க்க ஆட்கள் வரும் நாளில் ஜொனி ஐயா வெளியே எடுப்பார். எல்லாருக்கும் மாட்டிவிட்டுப் படம் பிடிப்பார். வந்தவர்கள் போனதும் கழற்றி வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டுவார். சுவக்கின் ஒரு தரம் கேட்டானாம். “ஒனக்கென்ன கல்யாணமா, கையுறை போட்டுக்கிட்டு நிக்க?” என்றாராம். அதையும் சிரித்துக்கொண்டே வந்து சொன்னான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவனுடைய என்புமச்சையும் என் மேசைக்குத்தான் வந்தது. வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பார்த்த கலம் ஒவ்வொன்றிலும் ஏழாம் நிறமூர்த்தம் ஒன்று இல்லை. ஐந்தாவதில் ஒரு துண்டு இல்லை. நெடுநாள் இரசாயனத்தோடு புழங்கியவர்களுக்கு வருகிற வகை. “ஆனா ஒரு ஆள மட்டும் வெச்சு, இந்த மருந்தாலதான் வந்திச்சு என்டு எழுதேலா பெற்றீசியா” என்றார் டொக்டர். எழுதவும் இல்லை. அவன் செத்துப் போனான். முப்பது வயது ஆகவில்லை.

கொல்செமிட் என்று ஒரு திரவம் இருக்கிறது. கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இரண்டு பக்கமும் இழுத்துப் போகிற நார்களை அது உருவாகவிடாது. கலம் நடுவழியில் நின்றுவிடும். மற்ற நேரம் நூல் சிக்கல் மாதிரிப் பரவிக் கிடக்கிற குரோமற்றின் இழைகள் அப்போது சுருண்டு தடித்து, ஒவ்வொரு நிறமூர்த்தமும் தனித்தனியாகத் தெரியும். கொஞ்ச நேரம்தான் விட வேண்டும். கூட விட்டால் சுருங்கிக்கொண்டே போகும். எது ஐந்து, எது ஏழு என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும்.

இன்று காலை ஜொனி ஐயாவின் இரண்டு வளர்ப்பிலும் கொல்செமிட் விட்டேன். பின்னேரம் வீட்டுக்குப் புறப்படும்போதுதான் எடுத்தேன்.

மறந்தேனா? இல்ல. தெரிஞ்சேதான் செஞ்சேன். என்ன நோய்னு தெரியாமலே கெடக்கட்டும். எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிக்கட்டும் அந்தாளு.

பெப்ரவரி 9

டொக்டர் நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் குனிந்திருந்தார். “இது என்ன, எல்லாம் கட்டை கட்டையாச் சுருங்கிக் கெடக்குது?”

“சாம்பிள் சரியில்ல டொக்டர். ரத்தக் கட்டியும் இருந்துச்சு” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“சரி, திரும்ப எடுக்கச் சொல்லுவம். பாவம் மனிசன்.”

திரும்ப எடுப்பது என்றால் திரும்ப இடுப்பில் குத்துவது. சுவக்கினுக்குக் குத்தியபோது கதவுக்கு வெளியே நின்றேன். அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. குத்தட்டும்.

பெப்ரவரி 10

இன்று மீன் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டேன். தம்பி போன பிறகு இப்படி ருசித்துச் சாப்பிட்டதில்லை.

பெப்ரவரி 14, திருநீற்றுப் புதன்

வேலை முடிந்து கோயிலுக்குப் போனேன். சாம்பல் பூசிக்கொண்டு வெளியே வந்தால், வாசல் பக்கத்து வாங்கில் ஜொனி ஐயா உட்கார்ந்திருந்தார். முகம் ஒடுங்கிவிட்டது. சட்டைக்குள் வயிற்றின் இடது பக்கம் மட்டும் புடைத்து நிற்கிறது. நெற்றியில் என்னுடையதைப் போலவே சாம்பல்.

போயிருக்கலாம். போகவில்லை. கிட்டப் போய், “சலாங்க ஐயா” என்றேன். தோட்டத்து வாய்ப் பழக்கம். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

“யாரும்மா? எந்தத் தோட்டம்?”

தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். “மருந்தடிச்ச சுவக்கினோட அக்கா.”

“எந்தச் சுவக்கின்?”

“மேல் லயம். வொலிபோல் வெளையாடுவான். செத்துப் போயிட்டான்.”

அவர் வீதியைப் பார்த்தார். “நெறையப் பேரு மருந்தடிச்சாங்கம்மா. யாரைன்னு ஞாபகம் வெச்சுக்கிறது?”

முச்சக்கரவண்டி பிடிக்கப் போன மகள் வந்துவிட்டாள். நிலூஷாவாம். என்னைத் தோட்டத்து ஆள் என்று நினைத்து அவளாகவே சொன்னாள்: “இடுப்புல திரும்பக் குத்தணுமாம் அக்கா. மொதல்ல எடுத்தது சரிவரலையாம். அதை நெனச்சே அப்பா சாப்பிட மாட்டேங்கிறாரு.”

“அப்படியா” என்றேன்.

எந்தச் சுவக்கினாம். எந்தச் சுவக்கினா? ஒரு பேருகூட ஒட்டல அந்த மனசுல. இவ்வளவு நாளும் அவர் சாக வேண்டும் என்று நினைத்திருந்தேன். இன்று அது போதாது என்று தெரிந்தது.

பெப்ரவரி 19

இரண்டாவது சாம்பிள் வந்தது. இதைக் கெடுக்க மாட்டேன். இரக்கம் ஒன்றும் இல்லை. எனக்குப் பார்க்க வேண்டும். அந்த மருந்தை அவரும்தான் டிரம்மில் கலக்கினார், அந்தக் காற்றைத்தான் மூச்சில் இழுத்தார். அவருடைய கலத்திலும் ஏழாம் நிறமூர்த்தம் இல்லாமல் இருப்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும். தம்பிக்கு வந்த அதே அறிக்கை அவர் கைக்கும் போக வேண்டும்.

இவ்வளவு கவனமாக யாருடைய கலங்களையும் நான் வளர்த்ததில்லை.

பெப்ரவரி 22

ஏழு இரண்டும் இருக்கின்றன. ஐந்து இரண்டும் முழுசாக இருக்கின்றன.

தட்டு தட்டாக மாற்றிப் பார்த்தேன். ஒன்பதாம் நிறமூர்த்தத்தின் நுனியும் இருபத்திரண்டாவதின் நுனியும் உடைந்து இடம் மாறி ஒட்டியிருக்கின்றன. எல்லாக் கலத்திலும் அதே. இந்த வேலைக்கு வந்த முதல் மாதமே படித்துக்கொள்கிற மாற்றம். மருந்தடிப்பதோடு இதைச் சேர்த்துச் சொல்ல ஒரு வழியும் இல்லை, யாருக்கும் வரலாம். வந்தால் தினம் குளிசை போட வேண்டும். அந்தக் குளிசை அந்த உடைந்த துண்டையே குறிவைத்து அடக்கும். ஒழுங்காகப் போட்டால் பல வருடம் நடமாடலாம், பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம்.

சுவக்கினுக்கு என்ன குளிசை இருந்துச்சு? யாரு குடுத்தா?

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். தட்டுகள் கையில்தான் இருந்தன. கழுவுகிற தொட்டி பக்கத்தில்தான். இதுவும் சரிவரவில்லை என்று சொன்னால், மூன்றாம் தரம் குத்துவதற்கிடையில் அவருடைய உடம்பு என்னவாகுமோ? தட்டுகளை மேசை இலாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். புறப்படும்போது டொக்டர் முடிவைக் கேட்டார். தட்டுகள் இன்னும் காயவில்லை என்றேன்.

பெப்ரவரி 26

போயா விடுமுறையும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்ததால் எனக்கு முடிவு எடுக்க நேரம் கிடைத்தது. முடிவு எடுக்கவில்லை. இன்று காலை தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

“மிஸ், எஸ். ஜொனியோட மக பேசுறேன். ரிசல்ட் வந்துருச்சுங்களா?”

“வந்துருச்சு” என்றேன்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவள் அந்தப் பக்கம் அழத் தொடங்கினாள். நல்லதா கெட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. இலாச்சியைத் திறந்து தட்டுகளை டொக்டரிடம் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் பார்த்து முடித்து அறிக்கையை எழுதினார். பிறகு கதவைச் சாத்தினார். “இது இவ்வளவு அழகா வந்திருக்கு. அப்ப முதல் சாம்பிள்ள கொல்செமிட்ட எவ்வளவு நேரம் விட்டீங்க?”

“காலையிலருந்து பின்னேரம் வரைக்கும்.”

“மறந்தா?”

“இல்ல.”

சொன்னேன். எல்லாம் சொன்னேன். சுவக்கினின் பெயர் அவருக்கு ஞாபகம் இருந்தது. அவர் கண் கலங்கியது. ஆனால் குரல் மாறவில்லை. “எனக்கு வெளங்குது. ஆனா நோயாளிட சாம்பிள் இனி உங்கட கையில தரமாட்டன். நடந்தத நான் மேல எழுதித்தான் ஆகணும்.”

மார்ச் 25

விசாரித்து, சம்பள உயர்வை நிறுத்தி, ஆராய்ச்சிப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். வேலை போகாததே பெரிய விஷயம் என்கிறார்கள். எலிக் கலங்களை வளர்க்கிறேன்.

இன்று டொக்டரிடம் போய்க் கேட்டேன். “ஒரு ஆளை வெச்சு எழுத ஏலாதுன்னீங்க. நாப்பது பேரை வெச்சா?”

நிமிர்ந்தார்.

“எங்க தோட்டத்துல மருந்தடிக்கிற நாப்பது பேர், அடிக்காத நாப்பது பேர். ரத்தம் எடுப்போம். யாருக்கு நிறமூர்த்தம் கூடுதலா உடைஞ்சிருக்குன்னு எண்ணிப் பார்ப்போம். நான் எண்ணுறேன்.”

“நீங்க எண்ணினா ஆர் நம்புவாங்க?” என்றார். கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “இலக்கம் மட்டும் போட்டுத் தாறன். எது ஆர்ட ரத்தம் என்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இலக்கத்துக்கான சாவி வேற ஆள்ட்ட இருக்கும். அப்படி என்டா சரி” என்றார்.

சரி என்றேன். ஆராய்ச்சி ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வர மாதக்கணக்காகும். காத்திருப்பேன்.

ஓகஸ்ட் 17

அனுமதி வந்துவிட்டது, இரத்தமும் எடுத்தாயிற்று. கண் எரிகிறது. இந்தத் தரம் வேறு இரசாயனம். இது கருவை இரண்டாகப் பிரியவிட்டு, கலம் இரண்டாகாமல் தடுத்துவிடும். உடைந்து பின்தங்கிப் போன நிறமூர்த்தத் துண்டு இருந்தால், பெரிய கரு இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு பொட்டுப்போலத் தனியாகத் தெரியும். ஒவ்வொருவருடைய இரத்தத்திலும் அந்தப் பொட்டுகளை எண்ணுகிறேன். பொட்டு அதிகம் தெரிந்தால் நெஞ்சு துள்ளுகிறது. இது மருந்தடிக்கிறவனுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அப்படி ஆசைப்படுவதால் சந்தேகமான பொட்டு எதையும் கணக்கில் எடுப்பதில்லை. என்னை நான் நம்புவதில்லை.

செப்டெம்பர் 26

இலக்கச் சாவியைத் திறந்து பார்த்தார்கள். மருந்தடிக்கிறவர்களுக்குப் பொட்டுகள் இரண்டு மடங்குக்கு மேல்.

நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து மீதி வேலையைப் பார்த்தேன்.

ஒக்டோபர் 18

தொழிற்சங்கத்துக்காரர்கள் ஆய்வின் முடிவைக் கொண்டு தொழில் அலுவலகத்தில் முறையிட்டார்கள். தோட்ட நிர்வாகம் படங்களைக் கொடுத்திருக்கிறது: எல்லாரும் கையுறை, எல்லாரும் முகமூடி. பாதுகாப்புக் கொடுத்தோம், மற்றதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். படம் பிடித்த ஆள் வந்து உண்மையைச் சொன்னால்தான் உண்டு.

ஒக்டோபர் 20, ஞாயிறு

அம்பிட்டியவுக்குப் போனேன். கதவைத் திறந்தது நிலூஷா. ஜொனி ஐயா கதிரையில் இருந்தார். வயிறு வற்றி, முகம் தெளிந்து, நன்றாக இருந்தார். குளிசை வேலை செய்கிறது. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றி எரிந்தது.

மகளை உள்ளே போகச் சொன்னார். “அவங்களும் இருக்கட்டும்” என்றேன். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போனேன். மகள் முன்னால் கேட்க வேண்டும்.

“கையுறையைக் கழட்டி வாங்குனீங்களா இல்லையா?”

நிலூஷா அவரைப் பார்த்தாள். “அப்பா?”

“தோட்டத்துப் பெரியதுரை சொன்னாரு. கிழிஞ்சா திரும்ப வாங்கித் தரமாட்டேன்னாரு. நான் என்ன செய்ய?”

“சுவக்கினைத் தெரியாதுன்னீங்க.”

“தெரியும்” என்றார். “கோயில்ல ஒன்னைப் பார்த்தவுடனேயே தெரியும். அவன் சாயல்தான் ஒனக்கு.”

நிலூஷா நகர்ந்து சுவரோடு போய் நின்றாள். இதைத்தானே கேட்டேன். அவருடைய மகளே அவரை அப்படிப் பார்க்க வேண்டும் என்றுதானே இவ்வளவு காலமும் கிடந்தேன். கிடைத்தது. முழுசாகக் கிடைத்தது.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. “உங்க அப்பாவோட மொதல் சாம்பிளை நான்தான் கெடுத்தேன். ரெண்டாம் தரம் குத்துனது என்னாலதான்” என்றேன்.

அவரைப் பார்த்த அதே கண்ணால் என்னையும் பார்த்தாள். கேற்றைத் திறந்துகொண்டு நானே வெளியே வந்தேன்.

நவம்பர் 20

இன்று தொழில் அலுவலகத்தில் விசாரணை. ஜொனி ஐயா வரமாட்டார் என்று சங்கத்துக்காரர்களிடம் சொல்லியிருந்தேன். தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நிலூஷாவோடு வந்தார். படங்களைக் கையில் வாங்கி, இது எந்த நாள், அன்றைக்கு வந்தவர்கள் யார், அவர்கள் போன பிறகு கையுறைகள் எங்கே போயின என்று சொன்னார். “பூட்டி வெச்சது நான். பூட்டச் சொன்னது அவங்க” என்றார். நிர்வாகத்தின் சட்டத்தரணி எவ்வளவு மடக்கியும் மாற்றிச் சொல்லவில்லை. மருந்தடித்தவர்களின் பெயர்களைக் கேட்டபோது முதலில் சொன்ன பெயர் சுவக்கின்.

மருந்தடிக்கிறவர்கள் எல்லாருக்கும் வைத்தியப் பரிசோதனை, செத்தவர்களின் குடும்பங்களுக்கு நட்டஈடு பற்றி அடுத்த மாதம் முடிவு என்றார்கள்.

வெளியே வரும்போது படிக்கட்டில் அவர் தடுமாறினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று அவருடைய கை காற்றில் துழாவியது. நான் கையை நீட்டவில்லை. நிலூஷா ஓடி வந்து பிடித்துக்கொண்டாள்.

ஆனாலும் அவர் கடைசிப் படியில் இறங்கி முச்சக்கரவண்டியில் ஏறும்வரைக்கும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பஸ் எடுத்து ஆய்வுகூடத்துக்குப் போனேன்.