டேவிட்டை வெட்டாதே

ஓகஸ்ட் 5, செவ்வாய்

அவியும் வெக்கை. நகரின் கிழக்குக் கோடி மோர்னிங்சைட்டிலிருந்து மேற்கே பாதர்ஸ்ட் வரை இரண்டு பஸ், ஒரு ரயில். முதல் பஸ்ஸில் ஏசி இல்லை. நாசமாய்ப் போக.

பழைய யூதக் குடியிருப்பைப் பற்றிய ஒலிப்பேட்டி, நூதனசாலைக் கண்காட்சிக்கு. இன்று ரிவ்கா. வயது தொண்ணூற்றிரண்டு. சந்தைத் தெருவில் பிறந்தவர், அப்பாவுக்கு அங்கே மீன்கடை. பீப்பாயில் ஊறிய உப்புமீன் பற்றி ஒரே உற்சாகம். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கிளாஸுக்குள் மெழுகுதிரி, பட்டப்பகலில். கேட்டேன். அண்ணன் டேவிட்டின் நினைவு நாளாம். எங்கள் திவசம் மாதிரி. ஒரு இரவும் ஒரு பகலும் எரிய வேண்டும்.

பிறகு குரல் மாறியது. ஏரிக்கரையில் ‘யூதருக்கு அனுமதி இல்லை’ என்று பலகை. டேவிட்டுக்குப் பதினாறு வயது. கல்லெறிந்து தண்ணீருக்குள் துரத்தியிருக்கிறார்கள். கரையில் அவ்வளவு சனம், அவன் மூழ்கியபோது ஒருவரும் இறங்கவில்லை. எட்டு வயது ரிவ்கா மணலில் நின்று பார்த்தவர்.

பதிவை நிறுத்தப்போன என் கையைப் பிடித்தார். “டேவிட்டை மட்டும் வெட்டிப்போடாதை, பிள்ளை.”

“வெட்டமாட்டன்” என்றேன்.

பால் வாங்க மறந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 7, வியாழன்

வெட்டிவிட்டார்கள்.

கண்காட்சிப் பொறுப்பாளர் மெலனி நாலு நிமிடத் துண்டு அனுப்பியிருக்கிறாள். மீன், ஊறுகாய், வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குச் சுடும் பாண். டேவிட்டின் பேரே இல்லை. போனில் கேட்டால், “சனம் சின்னப்பிள்ளையளோட பாக்க வருவினம். அது கொஞ்சம் பாரம். உங்களுக்கு விளங்கும்தானே?” ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன், அதில் அவளுக்கு மரியாதை கூடிப்போயிற்று.

விளங்கும். நல்லாய் விளங்கும்.

என் மனுசன் குகன், டிவியிலிருந்து கண்ணெடுக்காமல்: “உனக்கு இப்பதான் தெரியுமோ? முந்தி சண்டைக்குத் தப்பி வந்த எங்கட சனத்தையும் உப்பிடித்தான் பேட்டி எடுத்தவை. கடைசியில என்ன மிஞ்சினது? கொத்துரொட்டி.”

சிரிப்பு வரவில்லை. சட்டியை அடித்து வைத்ததில் பிடி கழன்றுவிட்டது.

ஓகஸ்ட் 11, திங்கள்

பேட்டி கொடுத்தவருக்குத் துண்டைப் போட்டுக்காட்டிச் சம்மதம் வாங்குவது முறை. ரிவ்கா காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு முழுவதும் கேட்டார்.

“நல்ல மனுசி. ஆர் இவ?”

எனக்கு முகம் எரிந்தது.

“டேவிட் இல்லாட்டி நானும் இல்லை. போய்ச் சொல்லு.”

போய்ச் சொன்னேன். மெலனியின் அறைக்கதவு திறந்திருந்தது. நான் கத்தியது எல்லோருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஓகஸ்ட் 13, புதன்

மழை. ஒரு வழியாக. மெலனியின் மெசேஜ்: “டேவிட்டைச் சேர்த்தாச்சு! சந்தோசமோ?”

போட்டுக் கேட்டேன். மீனுக்கும் பாணுக்கும் நடுவில் ரிவ்காவின் குரல், ஒரே ஒரு வசனம்: “என்ரை அண்ணன் டேவிட்டுக்கு ஏரியில நீந்த நல்ல விருப்பம்.”

அவ்வளவுதான். உடனே பாண்.

படுபாவி.

ரிவ்காவுக்குப் போன் எடுத்து, மறைக்காமல் போட்டுக்காட்டினேன். இன்னொருமுறை போடச் சொல்லிக் கேட்டார்.

“என்னையும் அதிலயிருந்து எடுத்துப்போடு” என்றார். “மீனையும் எடு.”

ரிவ்கா சம்மதிக்கவில்லை, முழுப் பேட்டியையும் எடுத்துவிடவும் என்று மெலனிக்கு எழுதினேன். ‘மன்னிக்கவும்’ என்ற முதல் சொல்லை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினேன்.