நாலு பீட் அமைதி

14 டிசம்பர் 2002, சனி

விடிந்தால் ஆராதனை. இன்றைய ஒத்திகையிலும் அந்த இடம் சரியாக வரவில்லை.

நான் மெட்டுப் போட்ட புதுப் பாட்டில் பல்லவி முடிந்ததும் நாலு பீட்டுக்கு எல்லாரும் நிறுத்த வேண்டும். குரல், கீபோர்டு, டிரம்ஸ் எதுவுமே கேட்கக் கூடாது. அதன் பிறகு மூன்று குரலும் ஒன்றாக "பரிசுத்தர்" என்று எழும்ப வேண்டும். அந்தப் பாட்டில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

டிரம்ஸ் வாசிக்கும் டேவிட் சரியாக அங்கேதான் உருட்டுகிறான். பகலெல்லாம் ஹார்பரில் கன்டெய்னர் சத்தத்தில் கிடக்கிறவன், அமைதி என்றாலே ஏதோ ரிப்பேர் என்று நினைக்கிறான். "காலியா வுட்டா நான் மறந்துட்டேன்னு நெனப்பாங்கக்கா" என்கிறான். அவனை அடக்கினால் கீபோர்டு வழிகிறது. கீபோர்டை அடக்கினால் ஆல்டோ குரலில் பாடும் மேரி அக்கா கண்ணை மூடிக்கொண்டு "ஸ்தோத்திரம்" என்கிறார். ஸ்தோத்திரம் சொல்லாதீர்கள் என்று சர்ச்சில் நின்றுகொண்டு நான் எப்படிச் சொல்வது?

கடைசியில் கத்திவிட்டேன். "இன்னொரு தபா எவனாச்சும் சத்தம் வுட்டா பாட்டையே தூக்கிடுவேன்!"

அடுத்த முறை அத்தனை பேரும் நிறுத்தினார்கள். கல்மண்டபம் ரோட்டில் போகும் லாரியின் சத்தம்கூட உள்ளே கேட்டது. அந்த அமைதியில் ஒரே ஒரு குரல் மட்டும் கணீரென்று, "ரெண்டு, மூணு..." என்று எண்ணிக்கொண்டிருந்தது.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

டேவிட் குச்சிகளைக் கீழே வைத்தான். "இப்ப இன்னாக்கா, பாட்டத் தூக்கிடலாமா?"