நிரம்பிவிட்ட தொட்டி

ஐப்பசி 22, செவ்வாய், இரவு

மாமல்லபுரத்தை ஒட்டித்தான் புயல் கரையைக் கடக்கும் என்கிறார்கள். மாலையில் எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடிக்குப் போனேன். பெரிய தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது. பாதிதான் இருக்க வேண்டும்.

கட்டடம் காற்றில் ஒரு பக்கம் ஆடினால், பாதித் தொட்டித் தண்ணீர் மறுபக்கம் அலைமோதி ஆட்டத்தைக் குறைக்கும். இந்தக் கட்டடத்தின் பொறியாளராக, அதற்காகவே நான் கணக்குப் போட்டு வைத்த தொட்டி அது. நிரம்பிவிட்டால் தண்ணீர் அலைய இடமில்லை. வெறும் பாரம்தான்.

மோட்டார் போடும் ஏழுமலையைக் கேட்டேன். "புயலு வந்தா கரண்டு பூடும், எல்லாத் தொட்டியும் ரொப்பி வையின்னு செக்ரட்டரி சொன்னாரு மேடம். எப்பவும் செய்றதுதானே?"

பாதியைத் திறந்துவிடச் சொல்லி குடியிருப்போர் சங்க செக்ரட்டரியிடம் கெஞ்சினேன். "புயல் நேரத்துல தண்ணிய யாராவது கீழ விடுவாங்களாம்மா? குடிக்க ஆவாட்டியும் பாத்ரூமுக்கு ஆவும்ல?" என்றார். வால்வுச் சாவியைக் கடைசிவரை தரவில்லை.

தொட்டியில் 'இது குடிநீர் அல்ல' என்று எழுதவைத்தவள் நான்தான். 'நிரப்பாதீர்கள்' என்று எழுதத் தோன்றவில்லை எனக்கு.

கட்டடம் விழாது. அது தெரியும். ஆனால் எதிர்வீட்டு அம்மா இந்த ஆட்டத்துக்கே தலைசுற்றி வாந்தி எடுக்கிறார். கரண்ட் போய் லிஃப்டும் நின்றுவிட்டது. பதினெட்டு மாடி அவரை எப்படி இறக்குவது?

மெழுகுவத்தி வெளிச்சத்தில், டம்ளரில் இருக்கும் தண்ணீர் ஆடுகிறது. ஆட வேண்டிய தண்ணீர் தலைக்கு மேல் அப்படியே நிற்கிறது.