பெற்றவர் கேட்டால் மறுக்க முடியாதாம்

அப்பா, சோறு அடுப்படியில் இருக்கிறது. ரசத்தை மட்டும் சுட வைத்துக்கொள்ளுங்கள். நான் தங்கச்சி ரெஜினாவின் ஹாஸ்டலுக்குப் போகிறேன்.

அம்மா இறந்ததைப் பரீட்சை முடியும்வரை அவளிடமும் பள்ளியிலும் சொல்ல வேண்டாம் என்றீர்கள். தப்பு என்றேன், கோபித்துக்கொண்டீர்கள். இன்று பஜாரில் வார்டனம்மா என்னை நிறுத்தி, "உங்கம்மா வாராவாரம் பனியில நனைஞ்சுட்டே புள்ளயப் பாக்க வராங்களே கண்ணு. இன்னிக்குப் பரீட்சை முடிஞ்சதும் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாமா" என்றார்.

அவளை யாரோடும் அனுப்பாதீர்கள், நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றேன்.

"பெத்தவங்க கேட்டா நாங்க எப்படி மாட்டேங்கறது? ரெஜினாவே ஓடிப்போய் அவங்கம்மாவக் கட்டிப்புடிச்சுக்கிச்சு" என்றார்.

அக்காவிடம் அவளை அனுப்ப மாட்டார்களாம். நீங்கள்தான் வர வேண்டும். ஹாஸ்டல் வாசலிலேயே நிற்கிறேன்.

கதவைப் பூட்டவில்லை.

இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். வார்டனம்மா போகும்போது சொன்னார்: "பெரியவளையும் கூட்டிட்டுப் போவோணும்னு சொன்னாங்க கண்ணு."