லியோனாவின் நோட்டில் உன் கையெழுத்து

மரியன்ஃபெல்ட், மினசோட்டா
1977 அக்டோபர் 19

அன்பு மகள் வெரேனாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லை, படி ஏறும்போது இடுப்பு மட்டும் எனக்கு எழுபத்தெட்டு வயது என்று நினைவுபடுத்துகிறது. உங்கள் ஊர் மழையில் நீயும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனதில் இருப்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனாலும் வீட்டுச் செய்தி முதலில், எதற்கும் ஒரு வரிசை உண்டு. ஆப்பிள் இந்த வருடம் நன்றாகக் காய்த்தது, பதினான்கு பாட்டில் காய்ச்சி அடைத்தேன். உன் அண்ணன் ரால்ஃப் வந்து குளிர்கால ஜன்னல்களை மாட்டிவிட்டுப் போனான், சமையலறை ஜன்னலையும் படுக்கையறை ஜன்னலையும் இடம் மாற்றி மாட்டியிருக்கிறான், காற்று சீட்டியடிக்கிறது. உன் அப்பா ஒவ்வொரு சட்டத்திலும் எண் எழுதி வைத்துவிட்டுத்தான் செத்தார், அதைப் படிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை.

படிப்பது என்றதும் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஆகஸ்டில் நம் பங்குக் கோவிலுக்கு நூறு வயது. அதற்கு ஒரு மலர் அச்சடிக்கிறார்கள், பழைய குடும்பங்களுக்கு ஆளுக்கொரு பக்கம். பழைய ஜெர்மன் எழுத்தும் லத்தீனும் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை, கோவில் பதிவேடுகளைப் படித்து எழுதித் தர முடியுமா என்று பங்குச் சாமியார் என்னிடம் கேட்டார், நானும் ஒத்துக்கொண்டேன். மடத்துப் பள்ளியில் கன்னியர் என் விரல் கணுவில் அடித்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து வீண் போகவில்லை என்று பெருமைப்பட்டேன், மறைக்கவில்லை. என் அம்மாவின் பக்கத்தைக் கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தேன், நல்லதைக் கடைசியில் சாப்பிடுவதுபோல.

கெசீனா வெஸ்ஸல்ஸ், பதினெட்டு வயதில் தன் அண்ணன் கெர்டோடு ஓல்டன்பர்க்கிலிருந்து கப்பலேறி வந்தவள். கப்பல் பட்டியலின் நகலை வரவழைத்தேன். பெரிய பண்ணைக்காரர் மகள் என்று அம்மா சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம், பட்டியலில் வேலைக்காரி என்று இருக்கிறது. சரி, அந்த வயதில் யார்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்லவில்லை என்று அதை விழுங்கிக்கொண்டேன். 1890-ல் ஹின்ரிச் புரோக்மன் என்பவரோடு கலியாணம், அது எங்களுக்குத் தெரிந்ததே. நிலம் பிடிக்க டகோட்டாவுக்குப் போனவர் பனியில் செத்துவிட்டார் என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். 1895-ல் என் அப்பா பெர்ன்ஹார்டோடு இரண்டாம் கலியாணம். மணப்பெண் விதவை என்று பதிவேடு சொல்கிறது, ஹின்ரிச்சைப் புதைத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகக் கெர்ட் மாமா சத்தியம் செய்திருக்கிறார். அதையும் அழகாக நகல் எடுத்துக்கொண்டேன். பிறகு கல்லறையில் கல் இல்லாதவர்களின் பெயர்களைச் சேர்க்க அடக்கப் புத்தகத்தைப் புரட்டினேன். 1911 பிப்ரவரி. ஹின்ரிச் புரோக்மன், மாவட்ட ஏழை விடுதியில் காய்ச்சலில் இறந்தவர், கெசீனா வெஸ்ஸல்ஸின் கணவர். விதவையின் கணவர், வெரேனா. அப்பா அப்போது உயிரோடு இருந்தார், எனக்குப் பன்னிரண்டு வயது.

எனக்கு அந்த மனிதரைத் தெரியும். ஏழு வயதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா ஏழை விடுதிக்குச் சூப் கொண்டு போவாள், தர்மம் என்று ஊரே மெச்சும். நான் ரொட்டி தூக்கிக்கொண்டு கூடப் போவேன். ஜன்னலோரக் கட்டிலில் பனியில் மூன்று விரல் போன ஒருவர் இருப்பார், அவருக்குத்தான் முதல் கிண்ணம். ஒருநாள் அவர் ரொட்டியை மோந்து பார்த்துவிட்டு என்னிடம், என்ன குட்டி, உங்கம்மா இப்பவும் மாவுல சீரகத்த அள்ளிக் கொட்டுறாளா, அன்னைக்கே சொன்னேன் கேக்கவே மாட்டா என்றார். விடுதிக்காரர்கள் எல்லாரும் அம்மாவின் ரொட்டியைக் கேலி செய்வது வழக்கம் என்று நினைத்துச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் கறுப்பு உடுத்தியிருந்தாள், சொந்த ஊரில் சின்னம்மா இறந்துவிட்டார் என்று எங்களிடம் சொன்னாள். சனிக்கிழமைதோறும் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியில் குதிரையைப் பூட்டித் தந்தவர் என் அப்பா. கெர்ட் மாமா பொய்ச் சத்தியம் செய்தாரா, ஆள் மாறி நினைத்தாரா, அம்மாவுக்கு எப்போது தெரிந்தது, இதையெல்லாம் பதிவேடு சொல்லாது. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஐந்து வருடம் அவள் எல்லாம் தெரிந்து நடந்தாள் என்பதை மட்டும் சொல்கிறது. லூத்தரன் பையனைக் கட்டிய பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கண்டால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போன அம்மா. எனக்கும் அப்படியே போகச் சொல்லிக்கொடுத்த அம்மா.

இதோடு முடிந்திருந்தால் இறந்தவளோடு சண்டை என்று நானே வைத்துக்கொண்டிருப்பேன். கோவில் அலுவலகத்தில் லியோனா ஒரு நோட்டு வைத்திருக்கிறாள், பழைய புத்தகத்தைத் தொடுகிறவர்கள் பெயர், தேதி, பார்த்த பக்கம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவள், இந்தப் பக்கத்துக்கு இவ்வளவு அதிர்ச்சியா, உங்க வெரேனா பதினோரு வருஷம் முன்னாடியே இதப் பாத்துட்டுப் போயிட்டாளே, நீங்க என்னமோ ஊர்ல வேற யாருக்கும் படிக்கத் தெரியாதுங்கறீங்க என்று நோட்டைத் திருப்பிக் காட்டினாள். 1966 மே 14. 1895 திருமணம், 1911 அடக்கம். உன் கையெழுத்து. இந்தச் சமையலறை மேசையில் நான் சொல்லிக்கொடுத்த எழுத்தை வைத்து எனக்கு முன்னால் நீ படித்துவிட்டாய்.

உன் கலியாணத்துக்கு மூன்று வாரம் முன்பு. கோர்ட்டில் பிரிந்திருந்தாலும் அந்த ஆளுடைய முதல் மனைவி உயிரோடு இருக்கும்வரை அவன் அவளுக்குத்தான் புருஷன், அந்தக் கலியாணத்தில் என் கால் படாது, எங்கம்மா இருந்திருந்தால் உன்னை வாசலிலேயே நிறுத்தியிருப்பாள் என்று நான் உன்னிடம் சொன்ன வாரம். அன்று சாயங்காலம் நீ வந்து உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை சாப்பிட்டாய். பாட்டி எப்பவாச்சும் யாரையாச்சும் மன்னிச்சிருக்காங்களாம்மா என்று கேட்டாய். மன்னிப்புக் கேக்குற மாதிரி எங்க வீட்ல யாரும் நடந்ததில்லடி என்றேன். பிறகு பாத்திரத்தைத் துலக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாயை அடைத்திருக்கலாம். சொல்லாமல் என்னை நீதிபதி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, நாற்காலிக்குக் கால் இல்லை என்று தெரிந்தே பதினோரு வருடம் பார்த்துக்கொண்டிருந்தாய். மாதம் தவறாமல் எனக்குக் கடிதமும் எழுதினாய். கோபத்தில் மறைத்தாய் என்றால் தாங்கிக்கொள்வேன். என்மேல் இரக்கப்பட்டு மறைத்தாய் என்றால், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எது என்று எனக்கு எழுது. சுற்றி வளைக்காமல் எழுது.

1911-ஐ விட்டுடுங்கம்மா, யாருக்குத் தெரியப்போகுது என்று சாமியார் சொன்னார். எனக்குத் தெரியும் ஃபாதர், இன்னும் ரெண்டு பேருக்கும் தெரியும், அதுல ஒருத்தி லியோனா, அப்புறம் ஊருக்கே தெரிஞ்ச மாதிரிதான் என்றேன். அம்மாவின் பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலைக்காரியாக வந்தவள், இரண்டு கணவர்கள், இருவர் பெயரும், இருவர் இறந்த தேதியும், சனிக்கிழமைச் சூப்பும் உட்பட. நியாயமும் சொல்லவில்லை, குற்றமும் சொல்லவில்லை. ரால்ஃப் என்னோடு பேசமாட்டான், கொஞ்ச நாள்தான், குளிர் விட்டதும் ஜன்னலைக் கழற்ற வந்துதானே ஆக வேண்டும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, நீ என்னை மன்னித்தாயா என்றும் நான் கேட்கவில்லை, அது கடிதத்தில் கேட்கிற காரியம் இல்லை. நூற்றாண்டுப் பூசை ஆகஸ்ட் பதின்மூன்று, ஞாயிறு. குடும்பத்தோடு முன் வரிசையில் உட்கார வேண்டும், நம் பெஞ்சில் உன் அப்பாவின் இடம் காலியாகத்தான் கிடக்கிறது. மாப்பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று எழுது, நான் சீரகம் அதிகம் போடுகிறவள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், பெரிய ஜோடி உனக்கு இல்லை.

ஆண்டவரும் மாதாவும் உங்கள் இருவரையும் காக்கட்டும். பதில் எழுத மறக்காதே. உறைமேல் இம்முறை உன் கலியாணப் பெயரை எழுதியிருக்கிறேன், கை பழகாததால் கொஞ்சம் கோணலாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஒட்டிலியா