பேசாமல் உட்காரும் சபை

தேவிகுளம், 1972

அன்னாள் அப்பாவுக்கு,

இங்க எல்லாரும் சுகம்னு எழுதணும், எழுதிட்டேன்.

டாக்கா சண்டையில எரிஞ்ச பள்ளிக்கூடத்துக்கு, உங்களை அங்க கூட்டிட்டுப் போன குவேக்கர்ங்கிற கிறிஸ்தவ சபைக்காரங்க கூரை போட்டதும், வெட்டிக்கிட்ட ரெண்டு தரப்பு ஆளுங்க பிள்ளைகளும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிக்கிறதும் சந்தோஷம்தான்.

ஆனா உங்க கடுதாசி பூரா அந்த வெள்ளைக்கார டீச்சரம்மாதான் இருக்காங்க. அவங்க சபையில பாட்டு இல்ல, பிரசங்கம் இல்லயாம். அவங்க பக்கத்துல ஒரு மணிநேரம் பேசாம உக்காந்தா உங்களுக்குச் சமாதானம் கிடைக்குதாம்.

இத்தனை வருஷமா எஸ்டேட் ஸ்கூல் விட்டு வந்து என் பக்கத்துலயும் பேசாமத்தான உக்காந்திருந்தீங்க? நான் அதைக் கோவம்னுல்ல நெனச்சேன்!

இன்னும் ஒரு வருஷம் டாக்காவுல இருக்கட்டுமான்னு கேட்டிருக்கீங்க. அதுக்கு நான் பதில் எழுதல. பேசாம இருந்தா என்ன அர்த்தம்னு அந்தம்மாகிட்டயே கேட்டுக்கோங்க.

இப்படிக்கு,
அவ அம்மா